கடிதங்களில் வாழும் நண்பர்

நுழையும்முன்

நெருங்கிய நண்பர் ஒருவர் இளமையிலேயே மறைந்துவிட்டால், உயிரோடு இருப்பவர் என்ன செய்ய இயலும்? அழலாம், சில காலம் பேசாதிருக்கலாம், பின்னர் மெல்ல மறந்துவிடவும் கூடும். வேறொரு வழியும் உண்டு. நண்பர் விட்டுச் சென்றவற்றைப் பாதுகாத்து, அவரை அறியாதவர்களின் கைகளில் சேர்ப்பதே அவ்வழி. கரிசல் மண்ணின் சிற்றூர் ஒன்றில் பிறந்த இரு எழுத்தாளர்களின் நட்பு, இரண்டாவது வழியை நமக்குக் காட்டுகிறது. நினைத்தல் என்பது ஒரு பணி என்பதை உணர்த்துவது இப்பாடம்.

ஓரூரில் இருவர்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, விளாத்திகுளம் என நீளும் நிலப்பரப்பு கரிசல் பூமியாகும். மழை குறைவு, வெயில் மிகுதி. ஈரம் பட்டால் காலைப் பற்றிக்கொள்ளும் கறுப்பு மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் இம்மண், வானத்தை நம்பியே வாழ்ந்தது. மழை பொய்த்த காலங்களில் கைத்தொழில் ஒன்று மக்களுக்குத் தேவைப்பட்டது. 1923ஆம் ஆண்டை ஒட்டிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பட்டாசும் அச்சுத்தொழிலும் பின்னர் அதனோடு இணைந்தன.

அதே 1923ஆம் ஆண்டில், செப்டம்பர் 23ஆம் நாள், கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் கு. அழகிரிசாமி பிறந்தார். ஏறத்தாழ அவரை ஒத்த வயதினரான கி. ராஜநாராயணனும் அவ்வூரினரே. ஒருவர் கைவினைத் தொழில் செய்யும் எளிய குடும்பத்தைச் சேர்ந்தவர். மற்றவர் உழவர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒருவர் பள்ளி இறுதி வகுப்புவரை படித்தார். மற்றவரோ, பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டவர். குடும்பச் சூழலும் படிப்பும் வேறுபட்டிருந்தும் இருவரையும் இணைத்தவை இரண்டு. அவற்றுள் ஒன்று இலக்கியம், மற்றொன்று இசை. விளாத்திகுளம் சுவாமிகளின் இசையில் இருவரும் தோய்ந்தனர். இரசிகமணி டி. கே. சிதம்பரநாதரின் இலக்கியச் சுவையுணர்வு இருவரையும் ஈர்த்தது. கம்பனை வாய்விட்டுப் படித்து மகிழும் பழக்கம் இவ்வாறு அவர்களிடம் வேரூன்றியது.

ஒரே தெருப் புழுதியில் வளர்ந்த இருவர், பின்னாளில் தமிழ்ச் சிறுகதையின் முதன்மையான படைப்பாளர்களாயினர். ஒரு சிற்றூர் ஒரே தலைமுறையில் இரண்டு பெரும் எழுத்தாளர்களைத் தந்தது அரிய நிகழ்வேயாகும்.

தொலைவு வளர்த்த நட்பு

அழகிரிசாமி அரசுப் பணியைத் துறந்து, எழுத்தையே வாழ்வாகக் கொண்டு சென்னைக்குச் சென்றார். அவருடைய முதல் சிறுகதை ‘ஆனந்த போதினி’ இதழில் வெளிவந்தது. அவ்விதழிலும் ‘பிரசண்ட விகடன்’, ‘சக்தி’ முதலிய இதழ்களிலும் பணியாற்றினார். 1950களின் தொடக்கத்தில் மலேயா சென்று, கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பொறுப்பேற்றார். அங்கு வளர்ந்துவந்த இளம் படைப்பாளர்களுக்கு எழுத்துப் பயிற்சியும் அளித்தார். 1957இல் தாயகம் திரும்பி, ‘நவசக்தி’ நாளிதழில் பணியாற்றினார்.

கி. ராஜநாராயணன் இடைசெவலிலேயே இருந்தார். இளமையில் காசநோயால் துன்புற்றவர் அவர். நிலத்தில் உழைத்தார், விவசாயிகளின் போராட்டங்களில் பங்குகொண்டார். 1950களின் இறுதியில்தான் அவருடைய சிறுகதைகள் இதழ்களில் இடம்பெறத் தொடங்கின.

நண்பர்களுக்கிடையே இவ்வாறு தொலைவு ஏற்பட்டது. தொலைபேசி எளிய மக்களுக்கு எட்டாத காலம் அது. எனவே, கடிதமே அவர்களின் திண்ணைப் பேச்சாயிற்று. படித்த நூல்கள், கேட்ட இசை, எழுதும் கதைகள், குடும்பச் செய்திகள், பிழைப்பின் இடர்ப்பாடுகள், சொந்த ஊரைப் பற்றிய ஏக்கம் என அனைத்தையும் அழகிரிசாமி தம் நண்பருக்கு எழுதினார். அச்சில் வரும் என்ற எண்ணமின்றி எழுதப்பட்டமையால், அக்கடிதங்களில் ஒப்பனை இல்லை. கதைகளில் தம்மை மறைத்துக்கொள்ளும் எழுத்தாளர், கடிதங்களில் தம்மைத் திறந்து காட்டினார்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் வேண்டும். ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என மு. வரதராசனார் கடித வடிவில் நூல்கள் எழுதினார். அவை படிப்போர் அனைவருக்குமாகத் திட்டமிட்டு எழுதப்பட்டவை. அழகிரிசாமியின் கடிதங்களோ ஒரே ஒருவருக்காக எழுதப்பட்டவை. முன்னது கடித உருவில் அமைந்த கட்டுரை. பின்னது கடிதமாகவே பிறந்து, காலப்போக்கில் இலக்கியமானது.

1970ஆம் ஆண்டு

1970 ஜூலை 5ஆம் நாள் கு. அழகிரிசாமி மறைந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயதுகூட நிறைவடையவில்லை. அவ்வாண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது, அவருடைய ‘அன்பளிப்பு’ என்னும் சிறுகதைத் தொகுதிக்கு வழங்கப்பட்டது. விருதைப் பெற அவர் இல்லை.

‘அன்பளிப்பு’ என்னும் கதையே ஒரு நினைவைப் பற்றியதுதான். குழந்தைகளுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து தரும் அன்பான ஒருவர், சாரங்கன் என்னும் சிறுவனை மட்டும் தம்மையறியாமல் விட்டுவிடுகிறார். அச்சிறுவன் நாட்குறிப்பேடு ஒன்றைத் தானே கொண்டுவந்து, அது தனக்கு அவர் தந்த அன்பளிப்பு என்று எழுதித் தருமாறு வேண்டுகிறான். அவனுக்கு வேண்டியது பொருள் மட்டுமன்று. தன்னையும் ஒருவர் நினைத்தார் என்பதற்கான சான்று. விடுபட்டுப்போன ஒரு சிறுவனின் மனத்தை இவ்வளவு நுட்பமாகக் கண்ட எழுத்தாளரைக் காலம் மறந்துவிடாமல் காக்கும் பொறுப்பு, அவருடைய நண்பர்க்கு வந்து சேர்ந்தது.

நம் ஊர்களில் கடிதங்களைக் கம்பியில் குத்தித் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. கம்பி நிறைந்தால் பழையவற்றைக் கழித்துவிடுவர். இறப்புச் செய்தி தாங்கிய கடிதத்தைப் படித்தவுடன் கிழித்தெறிவர். வெயிலும் கறையானும் மிகுந்த கரிசல்காட்டு வீடுகளில் தாள் நெடுங்காலம் நிலைப்பதும் அரிது. இச்சூழலில், நண்பர் எழுதிய கடிதங்களைக் கி. ராஜநாராயணன் காத்துவைத்தார். ‘கு. அழகிரிசாமி கடிதங்கள்’ என்னும் நூல் உருவானமைக்கு அதுவே காரணம்.

அந்நூலைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். அதில் ஒலிப்பது அழகிரிசாமியின் குரல். கி.ரா. என்ன கேட்டார், எதற்கு வருந்தினார் என்பவற்றை மறுமொழியிலிருந்து நாமே உய்த்துணர வேண்டும். கடிதங்கள் யாவும் அவரை நோக்கியே பேசுகின்றன; அவரோ கேட்பவராக மட்டும் இருக்கிறார். நண்பரை முன்னிறுத்தித் தாம் பின்னிற்கும் இப்பண்பு, நினைவைப் போற்றுவோர்க்கு இன்றியமையாத பண்பாகும்.

மரபில் நட்பும் கடமையும்

நட்பைப் போற்றிய மொழி தமிழ். திருவள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களைத் தொடர்ந்து அமைத்தார். சங்ககாலத்தில் கோப்பெருஞ்சோழன்மீது பிசிராந்தையார் கொண்ட நட்பு உணர்வின் உச்சம் எனப் போற்றப்படுகிறது. கபிலரின் நட்பில் கடமையின் உச்சத்தைக் காண்கிறோம். பாரி மாண்டபின் பறம்புமலையை விட்டு நீங்கிய கபிலர், நண்பனின் மகளிரைத் தம் பொறுப்பாக ஏற்று, அவர்களுக்கு நல்வாழ்வு தேடி அலைந்தார். பாரியின் வள்ளன்மையை இன்று நாம் அறிவதற்கும் கபிலரின் பாடல்களே பெருங்காரணம். நண்பனின் மக்களையும் புகழையும் ஒருசேரக் காத்தவர் அவர்.

இக்கடமையுணர்வு பிற்காலத்திலும் தொடர்ந்தது. 1921இல் முப்பத்தெட்டாம் வயதில் மறைந்த பாரதியாரை, வ.ரா. தம் வாழ்க்கை வரலாற்று நூலால் அடுத்த தலைமுறைக்குக் காட்டினார். 1948இல் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்த புதுமைப்பித்தனின் வரலாற்றை, அவருடைய இளைய நண்பர் தொ. மு. சி. ரகுநாதன் 1951இல் நூலாக்கினார். ‘சக்தி’ இதழில் ரகுநாதனோடு பணியாற்றியவர் அழகிரிசாமி.

அழகிரிசாமியும் இத்தகைய பணியைச் செய்தவர் என்பது நினைவுகூரத்தக்கது. இளம் வயதிலேயே மறைந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரைப் பற்றிக் ‘காவடிச் சிந்தும் கவிஞன் வரலாறும்’ என்னும் நூலை அவர் எழுதினார். தாம் பிறப்பதற்கு முன்பே மறைந்த கவிஞர் ஒருவருக்கு அவர் ஆற்றிய கடமையைப் போன்ற ஒன்றைப் பின்னாளில் அவருக்கு அவருடைய நண்பர் ஆற்றினார்.

உலக இலக்கியத்திலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் நண்பர் ஆர்தர் ஹாலம் 1833இல் இருபத்திரண்டாம் வயதில் மறைந்தார். அத்துயரிலிருந்து பிறந்த நெடுங்கவிதை 1850இல்தான் நூலாக வெளிவந்தது. ஒரு துயரம் சொல்லாக முதிர்வதற்குப் பதினேழு ஆண்டுகள் தேவைப்பட்டன.

அச்சேற்றுவோரின் பொறுப்பு

மறைந்தவரின் எழுத்தை வெளியிடுவதில் அறம்சார்ந்த வினா ஒன்று எழுகிறது. செருமன் மொழியில் எழுதிய காஃப்கா 1924இல் நாற்பதாம் வயதில் மறைந்தார். வெளிவராத தம் எழுத்துகளை எரித்துவிடுமாறு தம் நண்பர் மாக்ஸ் பிராடிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிராட் எரிக்கவில்லை; மறு ஆண்டே ‘விசாரணை’ என்னும் புதினத்தை வெளியிட்டார். உலகிற்கு அரிய இலக்கியம் கிடைத்தது. எனினும், நண்பரின் வேண்டுகோளை மீறியது சரியா என்னும் விவாதம் இன்றும் முடியவில்லை.

தனிக் கடிதங்களை வெளியிடுவோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடிதம் எழுதியவருக்கு இனி மறுப்புக் கூற வாயில்லை. கடிதத்தில் சுட்டப்பெறும் பிறர் உயிரோடு இருக்கலாம். வெளியிடுவதால் யாருடைய மதிப்பு உயரும், யாருடைய மனம் நோகும் என்பவற்றை ஆராய வேண்டும். குறைகளை முற்றிலும் மறைத்தால் மறைந்தவர் மனிதராக இல்லாமல் சிலையாகிவிடுவார். அனைத்தையும் கொட்டினால் நம்பிக்கை கெடும். நண்பரை நன்கறிந்தவரே இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லையை உணர முடியும். ஆகவேதான், இப்பணிக்கு அறிவோடு அன்பும் தேவைப்படுகிறது.

எண்ணும் பெயரும்

இதுவரை கண்டவை எழுத்தாளர்களின் நட்பு. நூல் எழுதாத, கடிதம் விட்டுச் செல்லாத எளியவர்கள் மறைந்தால் அவர்களை யார் நினைவில் வைப்பது?

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ என்னும் சிறுகதை தீபாவளியை ஒட்டி நிகழ்வது. வறிய வீடு ஒன்றுக்குப் பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவன் வந்துசேர்கிறான். அவன் பெயர் ராஜா. அவனைக் குளிப்பாட்டி, உணவளித்து, வீட்டில் இருக்கும் துணியையும் தந்து, அவ்வீட்டார் தம் விழாவில் அவனையும் சேர்த்துக்கொள்கின்றனர். ஊர் பொருட்படுத்தாத ஒரு சிறுவனுக்கு அக்கதை பெயரும் இடமும் தந்தது.

நாடு முழுவதும் தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசுகளுள் பெரும்பகுதி அதே கரிசல் மண்ணில், சிவகாசிப் பகுதியில் உருவாகின்றது. வேதிப்பொருள்களைக் கையாளும் அத்தொழிலில், சிறு உராய்வும் பெருந்தீயாக மாறக்கூடும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய நிகழ்வுகளை ஊடகங்கள் எண்ணிக்கையாகச் சொல்கின்றன. எண்ணிக்கை தேவையே, இழப்பின் அளவையும் பாதுகாப்புக் குறைபாட்டையும் அது உணர்த்துகிறது. ஆயினும், மறைந்தவர் எப்படிச் சிரித்தார், எந்தப் பாட்டை முணுமுணுத்தார், யாருக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்பவற்றை எண்ணிக்கை சொல்லாது. அவற்றை அறிந்தவர் உடன் வளர்ந்த நண்பரே. அவர் சொல்லாவிட்டால், அச்செய்திகள் அவரோடு மறைந்துவிடும்.

நாள்காட்டியும் நாட்குறிப்பேடும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் ஊர் சிவகாசி. அந்த நாட்குறிப்பேடுகளில் ஒன்றில், மறைந்த ஒருவரைப் பற்றி அவருடைய நண்பர் எழுதும் இரண்டு பக்கம், உள்ளூர் வரலாற்றின் ஒரு பகுதியாகும். தாம் இழந்தது இன்னது என்பதை ஓர் ஊர் முழுமையாக அறியும்போதே, அவ்வாறான இழப்பு மீண்டும் நிகழாமல் காக்க வேண்டும் என்னும் உறுதியும் அவ்வூருக்குப் பிறக்கும்.

நினைவுக் கட்டுரை எழுதும் முறை

ஒருவரை நினைந்து எழுதும்போது ‘அன்பானவர்’, ‘பண்பாளர்’, ‘ஈடு இணையற்றவர்’ போன்ற பொதுச்சொற்கள் எளிதில் வந்து விழும். அவை எவர்க்கும் பொருந்துவன. ஆதலால், எவரையும் காட்டாதவை. அவர் அன்பானவர் என்பதைப் புலப்படுத்தும் நிகழ்ச்சி ஒன்றை எழுதினால், படிப்பவர் அம்முடிவுக்குத் தாமே வருவார்.

நாள், இடம், பெயர் ஆகியவற்றைச் சரிபார்த்து எழுதுதல் வேண்டும். நினைவு சில வேளைகளில் நம்மை ஏமாற்றும். ஐயம் தோன்றினால் உடனிருந்தவர்களைக் கேட்டுத் தெளியலாம். இருவருக்கும் இடையே நேர்ந்த சிறு பிணக்கையும் எழுதலாம். நட்பின் ஆழத்தை அது குறைத்துவிடாது. பிறர் இரகசியங்களை விலக்குதல் வேண்டும். கட்டுரையைப் பிறர் படிக்கத் தருவதற்குமுன் மறைந்தவரின் குடும்பத்தாரிடம் காட்டி இசைவு பெறுதல் வேண்டும். துயரம் மிகுந்திருக்கும் காலத்தில் எழுத இயலாவிட்டால் காத்திருக்கலாம். மனம் மிகக் கனக்கும்போது ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ பேசுவது நலம். துயரைத் தனியே சுமக்க வேண்டும் என்னும் கட்டாயம் எவர்க்கும் இல்லை.

நிறைவாக

இளமையில் நோயால் வாடிய கி. ராஜநாராயணன் தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்தார். நண்பர் மறைந்தபின் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான வாழ்வு அவருக்குக் கிடைத்தது. அக்காலத்தில் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ புதினத்திற்காக 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். நண்பரின் பெயரையும் இடைவிடாது சொல்லிவந்தார். 2021 மே 17ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார். அவருடைய உடல் இடைசெவலுக்குக் கொண்டுவரப்பெற்று, அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது.

இன்று அவ்விருவரும் இல்லை. கடிதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் படிக்கும் பதினாறு வயது மாணவர் ஒருவர்க்கு, நாற்பத்தாறு வயதில் மறைந்த ஒருவர் ஊரையும் இசையையும் பற்றி நண்பரிடம் பேசுவது இன்றும் கேட்கும்.

தெரிந்து தெளிவோம்

கி. ராஜநாராயணன் வார இதழில் தொடராக எழுதிப் புகழ்பெற்ற நூலின் பெயர் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’. கடிதம் என்பதைக் கடுதாசி என்று வழங்குவது பேச்சுவழக்கு.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் பாதுகாக்கப்பட்டுள்ள பழைய கடிதம் ஒன்றைப் பெரியோரின் இசைவுடன் படித்து, அதில் அறியலாகும் அக்காலச் செய்திகளைத் தொகுக்க.
2. உங்கள் ஊரில் இளமையில் மறைந்த ஒருவரைப் பற்றி, அவருடைய நண்பரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக. பொதுச்சொற்களைத் தவிர்த்து, நிகழ்ச்சி ஒன்றின்வழி அவரைக் காட்டுக.
3. நண்பரின் எழுத்துகளை எரிக்காமல் வெளியிட்ட மாக்ஸ் பிராடின் செயல் சரியா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.

குறுவினா

1. கடித வடிவில் எழுதப்பட்ட நூலுக்கும் தனிக் கடிதத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கபிலர் தம் நண்பனுக்கு ஆற்றிய கடமைகள் யாவை?

நெடுவினா

‘நினைத்தல் என்பது ஒரு பணி’ – இக்கருத்தைக் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் நட்பின்வழி நிறுவுக.